தூணுக்கும் உத்திரத்துக்கும் பெரிய வட்ட ரம்பம் வாங்குவது எப்படி

பெரிய வட்ட ரம்பம் வாங்கக் கடைக்குள் நுழைபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது பிளேடின் விட்டத்தைத்தான். கடைக்காரரும் அதற்கே பதில் சொல்லிப் பழகிவிட்டதால், 9 அங்குலமா, 14 அங்குலமா, 16 அங்குலமா என்ற அளவிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் தூணையும் உத்திரத்தையும் கழுந்தும் துளையுமாக (ஒன்றின் முனையில் செதுக்கிய நாக்கு, மற்றதில் அது நுழையும் குழி) பொருத்தி எழுப்பும் சட்டக் கட்டுமானத்தில், ஒரு மரத்தை முழுக் கனத்துக்கும் துண்டிக்கும் வெட்டுகள் இரண்டு முனைகளுக்கும் சேர்த்து இரண்டுதான். மற்றவையெல்லாம் கழுந்தின் தோளுக்காக (கழுந்தின் அடியில் மற்ற மரத்தோடு முட்டி நிற்கும் முகம்), கன்னத்துக்காக (கழுந்தின் அகன்ற பக்கம்), உத்திரம் உட்காரும் பள்ளத்துக்காக இடும் அரைகுறை ஆழ வெட்டுகள். ஆகவே கடைக்குப் போகுமுன் அறுக்கப்போகும் தோளின் ஆழத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரம்பத்தை அந்த எண்ணைக் கொண்டு தேடுங்கள்.

மலேசியாவில், பினாங்குத் தீவிலும் அதற்கு எதிர்க்கரையான செபெராங் பிறையிலும் இந்த வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின், பழைய கடைவீடுகளில் கறையான் தின்ற உத்திரங்களை மாற்றும் வேலை வருகிறது. கோயில் கொட்டகைகள், தோட்ட மண்டபங்கள், ஆணியே இல்லாமல் கழுந்தும் ஆப்பும் கொண்டு நிற்கும் மலாய்க் கம்பத்து வீடுகளின் பழுதுபார்ப்பு ஆகியவையும் உண்டு. நம் ஊர் மரமும் வெளிநாட்டுக் கையேடுகள் மனத்தில் வைத்து எழுதும் பைன் மரமும் ஒன்றல்ல. காய்ந்த செங்கால் மரம் ஒரு கன மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும். கெம்பாஸ் அதற்குச் சளைத்ததன்று, போதாக்குறைக்கு அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மெராந்தி மட்டுமே கொஞ்சம் இளகிய மனம் கொண்டது. பைன் மரத்தில் சிரமமின்றி ஓடும் ரம்பம் செங்காலில் மூச்சு வாங்குவதைப் பார்த்து, ரம்பத்தில் குறை என்று எண்ணித் திருப்பிக் கொடுக்கப் போனவர்களும் உண்டு.

ஆழத்தின் கணக்கு

மரக் கிலாங்கில், அதாவது மர ஆலையில், மரம் இன்னும் அங்குலக் கணக்கில்தான் கிடைக்கிறது. ரம்பத்தின் பெட்டியில் இருப்பதோ மில்லிமீட்டர். இந்த இரண்டுக்கும் இடையிலான சிறிய வித்தியாசத்தில்தான் பணம் வீணாகிறது. நாலுக்கு நாலு என்பது 102 மி.மீ., ஆறுக்கு ஆறு 152 மி.மீ., எட்டுக்கு எட்டு 203 மி.மீ. பச்சை மரமாக இருந்தால் அறுவையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடவும் இருக்கும். மறுபக்கம், 235 மி.மீ. பிளேடு கொண்ட ரம்பம் ஏறத்தாழ 85 மி.மீ. ஆழமும், 270 மி.மீ. ரம்பம் 100 மி.மீ. ஆழமும், 355 மி.மீ. ரம்பம் 130 மி.மீ. ஆழமும் அறுக்கும். மக்கித்தா நிறுவனத்தின் 5402 போன்ற 415 மி.மீ. ரம்பம் ஆறேகால் அங்குலம், அதாவது 158 மி.மீ. வரை இறங்கும். அதற்கும் மேல் வேண்டுமானால் ஜெர்மனியின் மாஃபெல் நிறுவனம் 185 மி.மீ. ஆழம் வரை அறுக்கும் ரம்பங்களைச் செய்கிறது; விலையைக் கேட்டால் சிறிய லாரிக்கு முன்பணம் கட்டிவிடலாம் போலிருக்கும்.

இப்போது ஆறுக்கு ஆறு தூண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் தலையில் நடுவாக 2 அங்குலக் கனமுள்ள கழுந்து வேண்டும் என்றால், இரு புறமும் தோள்கள் 2 அங்குல ஆழம், ஏறத்தாழ 51 மி.மீ. இதற்கு 235 மி.மீ. ரம்பமே மிகுதி. கழுந்தின் கன்னத்தை நாரோட்டத்தின் வழியே அறுக்கும்போது மரத்தின் முழு அகலமான 152 மி.மீ. வரை இறங்க வேண்டும்; ஆனால் மரத்தைத் திருப்பிப் போட்டு இரு பக்கத்திலிருந்தும் அறுத்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 76 மி.மீ. போதும். அதுவும் 85-க்குள் அடங்குகிறது. முனையைத் துண்டிப்பதும் அப்படியே. ஆக, ஆறு அங்குலம் வரையுள்ள மரத்தில் வேலை செய்பவருக்கு 235 மி.மீ. ரம்பமும், கோட்டை நான்கு முகங்களிலும் பிசகாமல் சுற்றி வரையும் மூலைமட்டமும் இருந்தால் எல்லா நேர்வெட்டும் முடிந்துவிடும். இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். பெரிய ரம்பம் வாங்க மனம் ஏற்கெனவே முடிவுசெய்த பிறகுதான் பலர் யோசனை கேட்கிறார்கள்.

எட்டு அங்குலத்தில்தான் கதை மாறுகிறது, அதை நான் கைக்காசைச் செலவழித்தே தெரிந்துகொண்டேன். கடைவீடு ஒன்றின் மாடிக்கு எட்டுக்கு எட்டு செங்கால் உத்திரங்கள் மாற்ற வேண்டியிருந்தபோது, 235-க்கு அடுத்த அளவு என்று 270 மி.மீ. ரம்பம் ஒன்றை வாங்கினேன். இரு பக்கமும் நூறு நூறு மில்லிமீட்டர், இருநூறு ஆகிவிடும், எட்டு அங்குலம் முடிந்தது என்பது என் கணக்கு. முதல் உத்திரத்தை அறுத்து, திருப்பி, மறுபக்கமும் அறுத்தேன், மரம் விழவில்லை. நடுவில் நோட்டு அட்டை கனத்துக்கு, 3 மில்லிமீட்டர் செங்கால், அடிமுதல் நுனிவரை ஒரு சவ்வைப் போல நின்றுகொண்டிருந்தது. பெரிய ஆசாரி குனிந்து அந்தப் பிளவுக்குள் பார்த்துவிட்டு, "தம்பி, கடைக்காரன் உனக்கு ரம்பம் வித்தான், அங்குலத்தைக் கொடுக்கலையே," என்றார். ஒவ்வொரு முனையிலும் அந்த மூன்று மில்லிமீட்டரைக் கைரம்பத்தால் அறுத்தோம். எட்டு அங்குல மரம் வழக்கமாக வருபவருக்கு 355 மி.மீ. ரம்பம்தான் கீழ்வரம்பு, 130 மி.மீ. வீதம் இரு பக்கமும் அறுத்தால் நடுவில் தாராளமாக ஒன்றையொன்று தாண்டும்.

415 மி.மீ. ரம்பத்தின் இடம் வேறு. ஆறுக்கு ஆறு மரத்தை ஒரே இறக்கத்தில் துண்டிப்பதே அதன் பெருமை. ஆனால் 158-க்கும் 152-க்கும் இடையில் உள்ள மிச்சம் 6 மில்லிமீட்டர்தான். பச்சை மரம் 155 இருந்தால், ரம்பம் மரத்தின்மேல் அமரும் அடித்தட்டுக்கு அடியில் ஒரு மரத்தூள் கட்டி இருந்தால், மிச்சம் கரைந்துபோகும். ஒரே அளவுத் தூண்கள் முப்பது நாற்பது என்று வரும் பட்டறைக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். மாதத்துக்கு ஒரு மண்டபம் கட்டுபவருக்கு அது அலமாரியில் இடத்தை அடைப்பதோடு சரி.

கூரை வேலை செய்பவர் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். மூலைக் கைமரத்தோடு சேரும் குட்டைக் கைமரங்களுக்கு ரம்பத்தைச் சாய்த்து அறுக்க வேண்டியிருக்கும். 45 பாகையில் சாய்த்தால் கிடைக்கும் ஆழம் நேர்வெட்டின் ஏழில் ஐந்து பங்கு அளவுக்கு இறங்கிவிடும்: 85 என்பது 60 ஆகும், 130 என்பது 90 சொச்சம் ஆகும். 60 பாகைச் சாய்வில் பாதிதான் மிஞ்சும். 3 அங்குலக் கைமரத்தை, அதாவது 76 மில்லிமீட்டரை, 45 பாகையில் 235 மி.மீ. ரம்பத்தால் ஒரே இறக்கத்தில் அறுக்க முடியாது. சாய்வெட்டில் மரத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கக் கோட்டோடு சேர்ப்பது நேர்வெட்டில் சேர்ப்பதைப் போல எளிதும் அன்று. பெட்டியில் சாய்வு ஆழம் தனியாக அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படித்துவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.

எடை

235 மி.மீ. ரம்பம் 7 கிலோ அளவில் இருக்கும். 355-ம் 415-ம் 14 கிலோ அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். இரு மடங்கு எடை என்று எழுதிப் படித்தால் பெரிதாகத் தோன்றாது. இடுப்பு உயர மரத்தாங்கிக் குதிரைகள்மேல் கிடக்கும் உத்திரத்தின் மேல்முகத்தில் ரம்பத்தை வைத்துத் தள்ளும்போது அந்த எடை உங்களுக்கு உதவவே செய்யும், ரம்பம் துள்ளாமல் உட்கார்ந்து போகும். மரத்தின் பக்கவாட்டில், செங்குத்தான முகத்தில் பிடித்து அறுக்க நேர்ந்தாலோ, ஏற்கெனவே நிறுத்திய தூணின் தலையைச் சாரத்தில் நின்றபடி திருத்த நேர்ந்தாலோ, 14 கிலோ ரம்பம் கையில் இருப்பது ஆபத்து. பெரிய ரம்பம் மரம் கிடையாகக் கிடக்கும் பட்டறைக்கு உரியது. அதை வாங்கினாலும் சிறியதை விற்றுவிடாதீர்கள்.

எடையோடு சேர்த்து அறிய வேண்டியது ஒன்று உண்டு. பெரிய பிளேடு மெதுவாகச் சுற்றும்: 415 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 2200 சுற்று, 235 மி.மீ. பிளேடு நாலாயிரத்துக்கு மேல். ஆனால் விளிம்பில் பல் ஓடும் வேகம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, வினாடிக்கு 50 மீட்டரை ஒட்டி. மெதுவாகச் சுற்றுகிறதே என்று அசட்டையாக இருக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பல் மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் அதே பிடிப்புக்குப் பெரிய பிளேடு அதிகமான முறுக்கு விசையைக் கேட்கிறது. பல் சிக்கிக்கொண்டால் அந்த முறுக்கு அப்படியே உங்கள் மணிக்கட்டுக்கு வருகிறது. ஆகவே மின்சாரப் பிரேக் உள்ள ரம்பத்தையும், மெதுவாகக் கிளம்பும் வசதி உள்ள ரம்பத்தையும் தேடுங்கள். பொத்தானை விட்டபிறகும் பல வினாடிகள் சுற்றிக்கொண்டிருக்கும் 415 மி.மீ. பிளேடைக் கீழே வைக்க இடம் தேடும் அனுபவம் யாருக்கும் வேண்டாம்.

பிளேடுக்குப் பின்னால், அறுத்த பிளவுக்குள் நுழைந்து வரும் மெல்லிய தகடு ஒன்று சில மாதிரிகளில் இருக்கும். ஐரோப்பியச் சந்தைக்குச் செய்யப்பட்டவற்றில் அது பெரும்பாலும் இருக்கும், அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்பட்டவற்றில் பெரும்பாலும் இருக்காது. நாம் வாங்கும் மரம் அநேகமாகப் பச்சை. உள்ளே இறுக்கம் அடங்கிக் கிடக்கும். கெம்பாஸை நாரோட்டத்தின் வழியே இரண்டடி அறுத்துப் பாருங்கள், அறுத்த பிளவு பின்னாலேயே வாயை மூடிக்கொண்டு வரும். அந்தத் தகடு இருந்தால் பிளவு பிளேடைக் கவ்வாது. இல்லாத ரம்பம் என்றால் ஓரடி அறுத்ததும் நிறுத்தி, பிளவுக்குள் சிறிய மர ஆப்பு ஒன்றைச் செருகிவிட்டுத் தொடர வேண்டும். ஒரே ஆழம் அறுக்கும் இரண்டு ரம்பங்களில் ஒன்றில் இந்தத் தகடு இருந்தால், யோசிக்காமல் நான் அதைத்தான் எடுப்பேன்.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை

கழுந்தின் தோள் உத்திரத்தோடு இடைவெளியின்றி அமர்வது ரம்பத்தின் அடித்தட்டைப் பொறுத்தது. பிளேடு அரைப் பாகை சாய்ந்திருந்தால் 85 மி.மீ. ஆழத்தில் முக்கால் மில்லிமீட்டர் விலகும், 158 மி.மீ. ஆழத்தில் 1.4 மில்லிமீட்டர் விலகும். இரு பக்கத்திலிருந்தும் அறுத்தால் நடுவில் படிக்கட்டு மாதிரி ஒரு திட்டு நிற்கும். இதனால்தான், ஆழம் கூடக்கூட அடித்தட்டின் நேர்மை இன்னும் முக்கியமாகிறது. ஆழத்துக்குப் பணம் கொடுத்துத் தட்டில் மிச்சம் பிடிப்பவர் இரண்டையும் இழக்கிறார்.

கடைக்கு ஓர் எஃகு அளவுகோலையும், நம்பகமான சிறு மூலைமட்டத்தையும் எடுத்துச் செல்லுங்கள். ரம்பத்தின் மின் இணைப்பைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, அளவுகோலை அடித்தட்டின் மேல் நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் விளிம்பில் நிறுத்துங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் தட்டு வளைந்திருக்கிறது. அடுத்து, தட்டின் ஓரத்திலிருந்து பிளேடின் முன்பல் வரையும் பின்பல் வரையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ரம்பம் வரைந்த கோட்டிலிருந்து விலகி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும், பிளவில் உரசிச் சூடேறும். சாய்வுத் திருகையும் ஆழத் திருகையும் இறுக்கியபின் தட்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். அசைவு தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். தகடு அடித்துச் செய்த தட்டு ஒருமுறை கீழே விழுந்தால் வளைந்துவிடும். வார்ப்புத் தட்டு அவ்வளவு எளிதில் வளையாது, பலமாக விழுந்தால் உடையும். எனக்கு உடைவதே மேல். உடைந்தது கண்ணுக்குத் தெரியும், வளைந்தது பத்துத் தூண்களைக் கெடுத்த பிறகே தெரியும்.

கடைக்காரர் அனுமதித்தால் ஒரு துண்டு மரத்தை அறுத்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. நேர்வெட்டாக ஒரு துண்டை அறுத்து, அறுந்த இரண்டில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, வெட்டு முகங்களை மீண்டும் ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துங்கள். மேலேயோ கீழேயோ தெரியும் இடைவெளி உண்மையான பிழையைப் போல இரு மடங்கு. கண்ணுக்கு நன்றாகத் தெரியும். சிறிய பிழையைத் தட்டின் நிறுத்துத் திருகிலேயே சரிசெய்யலாம்.

மின்சாரம்

இணையத்தில் பார்த்து அமெரிக்காவிலிருந்து பெரிய ரம்பம் வரவழைப்பவர்களும், ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களில் ஒன்றை எடுப்பவர்களும் இங்கே உண்டு. அமெரிக்க ரம்பம் 120 வோல்ட், ஜப்பானிய ரம்பம் 100 வோல்ட்; நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அப்படியே செருகினால் முதல் வினாடியிலேயே புகை. மின்மாற்றி வைத்து ஓட்டலாம், ஆனால் 15 ஆம்பியர் இழுக்கும் ரம்பத்துக்கு 3 கேவிஏ அளவில் மாற்றி வேண்டும்; அதைத் தூக்கவே ஓர் ஆள் தேவை. இந்த ஊர் வோல்ட்டேஜுக்கே செய்த மாதிரியை வாங்குவது நல்லது, உதிரிச் சாமானும் கார்பன் பிரஷ்ஷும் கிடைக்கும்.

2200 வாட் ரம்பம் 230 வோல்ட்டில் ஒன்பதரை ஆம்பியர் சொச்சம் இழுக்கும், 13 ஆம்பியர் பிளக்குக்குள் அடங்கிவிடும். தொல்லை நீட்டிப்பு வயரில் இருக்கிறது. வீட்டு விளக்குக்கான 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 30 மீட்டர் தள்ளி ஓட்டினால் வழியிலேயே ஏறத்தாழ 13 வோல்ட் தொலைந்துபோகும், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 5 வோல்ட் சுற்றுவட்டாரத்தில் நிற்கும். செங்காலில் ரம்பம் திணறுகிறது என்று வரும் புகார்களில் பாதி, வயரின் குற்றம் என்பது என் கணிப்பு. வயர் உருளையில் சுற்றியபடியே ஓட்டாமல் முழுதும் அவிழ்த்துப் போடுங்கள். சுற்றிய வயர் சூடாகி உருகி ஒட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். மழை வந்து ஈரம் கோத்த தரையில் நின்று அறுக்கும் ஊர் இது, எனவே 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈஎல்சிபி இல்லாத இணைப்பில் ரம்பத்தைச் செருகாதீர்கள். பேட்டரியில் ஓடும் பெரிய ரம்பங்களும் வந்துவிட்டன. சாரத்தில் நாலு வெட்டு போட அவை அருமை. நாள் முழுதும் செங்காலைக் கிழிக்க இன்னும் வயர்தான்.

பிளேடு

ரம்பம் வாங்குவது ஒருமுறை, பிளேடு வாங்குவது ஆயுள் முழுதும். ஆகவே ரம்பத்துக்குப் பணம் கொடுக்குமுன் அந்த அளவுப் பிளேடு அதே கடையிலோ பட்டர்வொர்த்திலோ கையிருப்பில் கிடைக்குமா என்று கேளுங்கள். 235 மி.மீ. எந்தக் கடையிலும் தொங்கும். 415 மி.மீ. சொல்லிவைத்து வரவழைக்க வேண்டியதாக இருக்கலாம், சாணை பிடிக்கும் கடையும் அந்த அளவைத் தாங்கும் இயந்திரம் வைத்திருக்க வேண்டும். நடுத்துளையையும் பாருங்கள்: 25, 25.4, 30 மி.மீ. என்று வெவ்வேறாக வரும். 25 மி.மீ. தண்டில் 25.4 துளையுள்ள பிளேடை ஏற்றினால் மையம் விலகும், சில பற்களே வேலை செய்யும். பிளேடில் அச்சிட்ட உச்சச் சுற்று ரம்பத்தின் வெற்றோட்டச் சுற்றைவிட (எதையும் அறுக்காமல் ஓடும்போது சுற்றும் சுற்று) அதிகமாக இருப்பது கட்டாயம்.

பல் எண்ணிக்கையில் கருமித்தனம் நல்லது. மரத்துக்குள் 80 மி.மீ. இறங்கி நிற்கும் பிளேடில் பல் நெருக்கமாக இருந்தால் தூள் வெளியேற இடமின்றி எரிந்து கருகும். கன்ன வெட்டுக்கு 235 மி.மீ. அளவில் 24 பல் போதும், தோள் வெட்டு சுத்தமாக வர 40 பல் பிளேடு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். கெருயிங் மரத்தின் பிசின் பல்லின் பக்கத்தில் அரக்கு மாதிரி படியும்; பல் மழுங்கிவிட்டது என்று சாணைக்குக் கொடுக்குமுன் பாத்திரம் துலக்கும் சோப்புநீரில் ஊறவைத்துத் தேய்த்துப் பாருங்கள், பாதி நேரம் அதுவே போதும். பழைய கடைவீட்டு உத்திரத்தில் பிளேடை வைக்குமுன் காந்தத்தாலோ உலோகம் காட்டும் கருவியாலோ தடவிப் பாருங்கள். நூறாண்டுக்கு முந்திய ஆணி வெளியே தலை காட்டாது. கார்பைடு பல்லைப் பார்த்ததும் தன் இருப்பைக் காட்டிவிடும். அத்தகைய மரத்துக்கென்றே தேய்ந்த பிளேடு ஒன்றை ஒதுக்கி வைப்பது வழக்கம்.

வாங்கி வந்த முதல் நாளில் வேலை மரத்தில் கைவைக்க வேண்டாம். கிலாங்கில் கழித்துப் போடும் ஆறுக்கு ஆறு துண்டுகள் இரண்டைக் கேட்டு வாங்கி, ஒன்றின் தலையில் கழுந்தும் மற்றொன்றில் துளையும் செய்யுங்கள். தோள் கோட்டுக்கு அப்பால் பிளேடை ஓடவிடாமல், வட்டப் பிளேடு விட்டுவைக்கும் மூலையைக் கைரம்பத்தாலும் உளியாலும் முடியுங்கள். கழுந்தை உள்ளே தட்டி இறக்கி, தோளுக்கும் முகத்துக்கும் இடையில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். எந்தப் பக்கம் தாள் நுழைகிறதோ, அந்தப் பக்கத்துக்குத்தான் தட்டின் திருகை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும்.